ரிட்டயர் ஆனவர் கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த ஒரு கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா இங்கே தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கிரீன் கார்டு கிடைத்து, இப்போது அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறார். வாரத்தில் சில நாள் காலையில் கோல்ஃப் மைதானத்துக்கு வேலைக்குப் போகிறாராம். "தாசில்தார் அங்கே போய்ப் பந்து பொறுக்குகிறாரா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது அண்ணாச்சி?"

பொறுக்கினால்தான் என்னம்மா? ஆனால் குனிந்து கையால் பொறுக்குவது கிடையாது. அடித்துப் பழகுகிற இடத்தில் பந்து அள்ளுவதற்கென்றே கம்பிவலை அடித்த ஒரு சின்ன வண்டி இருக்கும். ஓட்டிக்கொண்டே போனால் போதும், அதுவே பந்துகளை வாரிக்கொள்ளும். அடிக்கிற பயல்கள் வேண்டுமென்றே அந்த வண்டியைக் குறிபார்ப்பார்கள். வலையில் டங் டங் என்று விழும். ஓட்டுகிறவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்தான்.

என் மச்சான் ஒருவர் நியூஜெர்சியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தார். அங்கே போயிருந்தபோது ஒருநாள் விடிகாலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குழி இருக்கிற திட்டில் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் வெள்ளையாகப் பனித்துளி. மச்சான் நீளமான, வளைந்து கொடுக்கிற ஒரு கம்பை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கிறார். வீசின இடமெல்லாம் பச்சை தெரிகிறது. பனி நின்றால் பந்து ஓடாது, புல்லில் பூஞ்சையும் பிடிக்கும். இங்கே வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மனுஷன்! அக்காவிடம் சொன்னேன், நம்பவில்லை.

உங்கள் அப்பாவுக்குப் பொருத்தமான வேலை இன்னொன்று உண்டு. ஸ்டார்ட்டர் என்பார்கள். கையில் பட்டியலோடு முதல் குழிக்குப் பக்கத்தில் நின்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு கோஷ்டியாக அனுப்ப வேண்டும். கோஷ்டிக்கு நாலு பேர். 18 குழியும் ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவே ஒரு கோஷ்டி மெத்தனமாக ஆடினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அவர்களிடம் போய், மனம் நோகாமல், "கொஞ்சம் சீக்கிரம் ஆடுங்க" என்று சொல்வதற்கும் ஓர் ஆள் உண்டு. ஜமாபந்தியில் கூட்டத்தைச் சமாளித்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் பல இடங்களில் வேலை பார்க்கிறவர்கள் காசில்லாமலோ, குறைந்த காசுக்கோ ஆடிக்கொள்ளலாம். காசு கட்டி ஆடுவதென்றால் கட்டணம் கையைக் கடிக்கும். அதனால்தான் அங்கே ரிட்டயர் ஆனவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். பென்ஷன் வீடியோவில் நான் சொன்னதும் இதைத்தான்: எதன் பக்கத்தில் இருக்க ஆசையோ, அதன் பக்கத்தில் வேலை தேடுங்கள். மச்சானுக்குச் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. மத்தியானம் இலவசமாக ஆடினார், அதைத்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு இருப்பதால் இவர் போகலாம். பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகிறவர்கள் இந்த ஆசையே படக் கூடாது, அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது.

சரி, தங்கச்சி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே இருக்கிற நாம் என்ன செய்கிறோம்? நம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60. அறுபதிலும் நன்றாக நடக்கிறோம். ஆனால் 'ஆபீசராக இருந்தவன்' என்கிற நினைப்பு திண்ணையை விட்டு இறங்க விடுவதில்லை. கோல்ஃப் என்றால் நமக்குக் கொடைக்கானல், ஊட்டிதான். அது போகட்டும், கோவில்பட்டியில் ஹாக்கி இல்லையா? அங்கே எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார், டோர்னமென்ட் வந்தால் ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிடுவார். டீயும் வடையும்தான் கூலி. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், "செமிஃபைனல் இருக்கே" என்பார். அவரைப் பார்த்து யாராவது கௌரவக் குறைச்சல் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

தங்கச்சி, சொந்தக்காரர்களை விடுங்கள். அடுத்த தடவை பேசும்போது அப்பா ஆட ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள். இல்லையென்றால், ஏன் இன்னும் ஆடவில்லை என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி, கடையநல்லூரிலிருந்து, கம்யூட்டேஷன் பற்றி, அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது பற்றி.