ஓலைச்சுவடி படிக்க ஏஐ வந்தாச்சு, ஆளு வேணாமா?

நேயர்களுக்கு வணக்கம். யுனிவர்சிட்டி ஆராய்ச்சில ஏஐன்னா எல்லாருக்கும் சாட்ஜிபிடி தான் ஞாபகம் வருது, நான் ஓலைச்சுவடி பக்கத்துலேந்து பேசுறேன், என் வேலை அதுதான்.

இத்தாலில ஹெர்குலேனியம்னு ஒரு ஊரு, கி.பி. 79ல எரிமலை வெடிச்சு புதைஞ்சு போச்சு. அங்க கெடச்ச பாப்பிரஸ், அதாவது நாணல்ல செஞ்ச அந்தக் காலத்துத் தாள், அந்தச் சுருளெல்லாம் கரிக்கட்டை, பிரிச்சா பொடியாயிடும். கென்டக்கி யுனிவர்சிட்டி பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ், பிரிக்காமலே எக்ஸ்ரே ஸ்கேன்ல படிக்கணும்னு வருஷக்கணக்கா பாடுபட்டாரு. 2023ல ஸ்கேனையெல்லாம் பொதுவுல வச்சு, யாரு வேணா வாங்கன்னு போட்டி அறிவிச்சாங்க. 2024 பிப்ரவரில 7 லட்சம் டாலர் பரிசை வாங்குனது யாரு தெரியுமா, மூணு ஸ்டூடண்ட்ஸ்! வேற வேற நாட்டு காலேஜ் பசங்க சேந்து, ஏஐய வச்சு 2000 எழுத்துக்கு மேல வெளிய கொண்டாந்துட்டாங்க. எனக்கு இத எத்தன வாட்டி சொன்னாலும் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு கவனிங்க, ஏஐ மை எங்க இருக்குன்னு காட்டுச்சு, அவ்ளோதான். அது என்ன வாக்கியம், என்ன அர்த்தம்னு சொன்னது பழைய கிரேக்கம் படிச்ச ஆளுங்க.

இப்ப நம்ம புதுச்சேரிக்கு வாங்க. இங்க பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல இருக்குற சைவ சுவடிங்க 2005ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல ஏறுச்சு. அதுல பெரும்பாலும் கிரந்த எழுத்து, சமஸ்கிருதம் எழுத நம்ம பக்கம் வச்சிருந்த எழுத்து அது. அத விடுங்க, தமிழ் ஓலையே எடுத்துக்கோங்க, எழுத்தாணி குத்துனா ஓலை கிழியும்னு புள்ளிய விட்டுருவாங்க, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், குறில் எகரமா நெடில் ஏகாரமான்னு தெரியாது. "எரி"ன்னு இருந்தா அது நெருப்பா, இல்ல நம்ம வீராணம் மாதிரி ஏரியா? முன்ன பின்ன ரெண்டு வரி படிச்சு, பாட்டோட சந்தம் தெரிஞ்சாதான் முடிவு பண்ண முடியும். மெஷின் ஏதோ ஒண்ண தயங்காம போட்டுட்டுப் போயிடும், அது தப்புன்னு கண்டுபிடிக்க ஓலை படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், அந்த ஆளுங்கதான் கொறஞ்சுகிட்டே வராங்க.

அதனால கட்டு கட்டா கெடக்குற சுவடில எது எங்க இருக்குன்னு தேட, மொதல் வாசிப்பு எடுக்க ஏஐய தாராளமா வச்சுக்கோங்க. ஆனா பிஎச்டி சேர்ற புள்ளைங்க மொதல்ல கண்ணால ஓலை படிச்சுப் பழகணும், கைடுங்க அதுக்கு நேரம் குடுக்கணும்.

நேரமாச்சுன்னு சைகை காட்டுறாங்க. சீக்கிரமா ஒண்ணு: ஏஐ குடுக்குற மேற்கோள் பட்டியல்ல இல்லவே இல்லாத கட்டுரையும் வரும், ஒவ்வொண்ணா தேடிப் பாத்துட்டு தீசிஸ்ல சேருங்க. வணக்கம்.