"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்கிறது போன். எங்கே?

(ஒலி: கூட்டத்தின் காலடிச் சத்தம். கீழே ரயில் ஹாரன்.)

போனின் குரல்: "இருபது மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

நான் திரும்பப் போவதில்லை. திரும்பினால் என் வெள்ளைக்கோல் கம்பித் தடுப்பில் இடிக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாதையில் நின்றுகொண்டிருக்கிறேன். 2023 மே மாதம் திறந்தார்கள், 570 மீட்டர் நீளம். என் போனோ, நான் கீழே தெருவில் நடக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டது. கீழே இடதுபக்கம் ஒரு தெரு பிரிகிறதாம், அதற்குள் போகச் சொல்கிறது.

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. இந்த வீடியோவைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: திரையில் ஒரு கை, ஒரு போன், ஒரு கோல். அவ்வளவுதான். பார்க்காதவர்கள் எதையும் இழக்கவில்லை.

"பார்வையற்றவர்களுக்கு எந்த வழிகாட்டிச் செயலி நல்லது?" என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். ஒரே பெயரில் பதில் சொல்லிவிட ஆசைதான், முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "அங்கே எப்படிப் போவது?" என்பது ஒன்று. "இப்போது என்னைச் சுற்றி என்ன இருக்கிறது?" என்பது இன்னொன்று. பார்வை உள்ளவர் இரண்டாவதைக் கேட்பதே இல்லை. தலையைத் திருப்பினால் போதும், பேக்கரி, பெட்ரோல் பங்க், மசூதி எல்லாம் தானாக வந்து சேரும். அதனால் அவர்களுக்காகச் செய்த செயலிகள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகின்றன. "நானூறு மீட்டர் நேராகப் போகவும்" என்று சொன்ன பிறகு நானூறு மீட்டருக்கு மௌனம். அந்த மௌனத்தில் நடப்பது எப்படி இருக்கும் என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் போனின் யோக்கியதையைப் பார்த்துவிடுவோம்.

தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்: மூன்று இடத்துக்கு, நான்காவது போனுக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்கு. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் நடந்து போகிறவனுக்கு ஜிபிஎஸ் பயன்பட ஆரம்பித்தது.

இன்று திறந்த வெளியில் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் 5 மீட்டர் என்றால் என்ன? இந்தப் பக்க நடைபாதைக்கும் அந்தப் பக்க நடைபாதைக்கும் உள்ள வித்தியாசம். மருந்துக்கடைக்கும் அதன் பக்கத்தில் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலுக்கும் உள்ள வித்தியாசம். காரில் போகிறவருக்கு அது பிழையே இல்லை. கோலோடு போகிறவருக்கு அதுதான் முழுப் பிரச்சினையும்.

இதுவும் திறந்த வெளிக் கணக்குதான். இரண்டு பக்கமும் துணிக்கடைக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. கோவில் மண்டபத்தில் கை தட்டினால் சத்தம் எந்தத் தூணிலிருந்து வருகிறது என்று குழம்புவோம் அல்லவா, போனும் அப்படித்தான் குழம்புகிறது. சுற்றி வந்த சமிக்ஞை தாமதமாக வருவதால் தூரம் அதிகம் என்று எண்ணி, நம்மைப் பக்கத்துத் தெருவில் தூக்கி வைத்துவிடுகிறது. உயரத்தையும் ஜிபிஎஸ் கணக்கிடும், ஆனால் அதில் பிழை இன்னும் அதிகம். இந்த ஆகாய நடைபாதையில் நடக்கும் கூத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

போன் வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு யோசனை. 2018 முதல் சில போன்களில் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் வருகிறது. விவரப் பட்டியலில் எல்5 என்று போட்டிருக்கும். சுவரில் பட்டு வரும் சமிக்ஞையைப் பிரித்தறிய அது உதவுகிறது. கடைக்காரர் கேமராவின் மெகாபிக்சலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பேசட்டும், நீங்கள் இதைக் கேளுங்கள்.

(ஒலி: படிக்கட்டு இறங்கும் கோலின் தட்டல். பஸ் நிலையத்தின் இரைச்சல்.)

இப்போது செயலிகள்.

பெரும்பாலோர் போனில் ஏற்கெனவே இருப்பது கூகுள் மேப்ஸ். தமிழிலும் வழி சொல்லும். 2019 அக்டோபரில் அதில் பார்வையற்றவர்களுக்கென்றே நடைப் பயணத்துக்கான விரிவான குரல் வழிகாட்டல் ஒன்றைச் சேர்த்தார்கள். அடுத்த திருப்பம் எவ்வளவு தூரம், சரியான பாதையில் இருக்கிறோமா, பெரிய சாலையைக் கடக்கப் போகிறோமா என்றெல்லாம் இடையிடையே சொல்லும். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் மட்டும் வந்தது. அமைப்புகளில் வழிகாட்டல் பகுதிக்குள் நடைக்கான விருப்பங்களில் தேடுங்கள், உங்கள் போனில் இருந்தால் இயக்கிவிடுங்கள். நான் சொன்ன அந்த மௌனத்தை உடைக்கிற வசதி அது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது சுற்றிலும் என்ன என்பதற்கு, தனிச் செயலிகள் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் பிளைண்ட்ஸ்கொயர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பின்லாந்தில் 2012இல் பிறந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டும். போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் இருக்கும் இடத்தைச் சொல்லும். நடக்க நடக்கப் பக்கத்தில் வரும் கடைகளையும் சந்திப்புகளையும் அறிவிக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி வேண்டுமென்றால், அந்த வேலையை வேறொரு வரைபடச் செயலியிடம் ஒப்படைத்துவிடும். இரண்டும் வேறு வேறு வேலை என்பதை அதைச் செய்தவர் புரிந்துவைத்திருக்கிறார்.

சிலி நாட்டிலிருந்து வரும் லசாரில்யோ இலவசம், ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும். முதலில் அதை முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் மனதுக்கு நெருக்கமானது வேறொன்று. 2018இல் மைக்ரோசாஃப்ட் சவுண்ட்ஸ்கேப் என்று ஒரு செயலியை வெளியிட்டது. போக வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால், அந்தத் திசையிலிருந்தே ஒரு ஒலி வரும். "இடதுபுறம் திரும்பவும்" என்ற கட்டளையே கிடையாது. பஸ் நிலையம் இடப்பக்கம் பின்னால் என்றால், ஒலியும் இடப்பக்கம் பின்னாலிருந்து கேட்கும். சரியாக அதை நோக்கித் திரும்பியதும் ஒலியின் தன்மை மாறும். எந்தத் தெரு வழியாகப் போவது என்பது உங்கள் விருப்பம். சின்ன வயதில் அம்மா வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், குரல் வந்த பக்கம் ஓடுவோம். அதே போலத்தான்.

2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். நிரலை மட்டும் பொதுவில் திறந்து வைத்தார்கள். அதை எடுத்து மற்றவர்கள் வளர்த்தார்கள். வாய்ஸ்விஸ்டா அப்படி வந்ததுதான், ஐபோனில் இலவசம். இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கென்று செய்யும் செயலிகளுக்கு ஆயுள் உறுதி கிடையாது. ஒரே செயலியில் நாற்பது இடங்களைச் சேமித்து வைத்துவிட்டு, ஒருநாள் அது மூடிவிட்டால் நாற்பதும் போயிற்று. எப்போதும் இரண்டு செயலிகள் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த இடங்களை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

(ஒலி: கொஞ்சம் அமைதியான தெரு. சைக்கிள் மணி.)

சொந்தமாக இடங்களைச் சேமிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. எந்தச் செயலி, எந்த மருத்துவமனை என்பதை விட்டுவிடுவோம். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று குரல் வந்தது. கோலை நீட்டினேன், சுவர். வலப்பக்கம் பத்தடி நடந்தேன், சுவர். இடப்பக்கம் இருபதடி, அதே சுவர், நடுவில் ஒரு குப்பைத்தொட்டி. இருபது நிமிடம் கழித்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இது பின்பக்கம். வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது" என்றார். வரைபடத்தில் கட்டடத்தின் நடுவில் ஒரு புள்ளி குத்தியிருந்தார்கள். அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருந்தது பின்சுவர்தான். செயலி பொய் சொல்லவில்லை, கட்டடத்துக்கு வந்து சேர்ந்துதான் இருந்தேன். என்ன, உள்ளே போகத்தான் வழி இல்லை.

அன்று வாசலுக்குப் போனதும் அங்கேயே நின்று, அரை நிமிடம் பொறுத்து, ஜிபிஎஸ் நிலைகொண்ட பிறகு, "வாசல், சாய்தளம் வலப்பக்கம்" என்று என் சொந்தப் புள்ளியைக் குறித்தேன். இந்தப் பழக்கம் புதிதல்ல. ஸ்மார்ட்போன்களில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள், ஐபோனுக்கு வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக்கும், வந்தது 2009இல். அதற்கு முன்பே நோக்கியா போன்களில் லோட்ஸ்டோன் என்ற இலவச மென்பொருள் இருந்தது. பார்வையற்றவர்களே எழுதியது. தாங்கள் குறித்த புள்ளிகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வார்கள். "பழைய எண் 14, புதிய எண் 31, பிள்ளையார் கோவில் எதிரே" என்று முகவரி எழுதும் ஊரில் வாசல் எங்கே என்று எந்த நிறுவனமும் வந்து குறித்துத் தரப்போவதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்றொரு பொது வரைபடம் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பார்வை உள்ள நண்பர் உதவக் கேட்டால், உங்கள் தெருவின் வாசல்களை அதில் ஏற்றச் சொல்லுங்கள். மேலே சொன்ன செயலிகளில் பலவும் அந்த வரைபடத்திலிருந்துதான் எடுக்கின்றன.

ஒரு செயலி உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டும்... மன்னிக்கவும், எப்படியும் மூடியதுதான்... நடக்கக்கூடிய உங்கள் சொந்தத் தெருவில் சோதியுங்கள். திரைவாசிப்பானை இயக்கிச் செயலியைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். "பட்டன், பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்று வந்தால் அதைச் செய்தவர் நம்மை நினைக்கவே இல்லை. அடுத்து, போனைப் பூட்டிப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள். திரை அணைந்ததும் வாயையும் மூடிக்கொள்கிற செயலி உதவாது. ஒரு கையில் கோல், மறு கையில் போன் என்றால் குடை பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? உங்கள் வீட்டு வாசலை அது எத்தனை அடி தள்ளிச் சொல்கிறது, எந்தப் பக்கம் தள்ளிச் சொல்கிறது என்று கவனியுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டும் ஒருமுறை நடந்து பாருங்கள். ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகள் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் ஓடும்.

குரலையும் சோதிக்க வேண்டும். டாக்டர் நாயர் சாலையை ஆங்கிலக் குரல் ஒன்று எனக்கு "டிரைவ் நாயர் ரோடு" என்று படித்துக் காட்டியது. டாக்டருக்கான "Dr" என்ற சுருக்கத்தை அப்படி விரித்துவிட்டது. இரண்டாவது முறை கேட்டபோதுதான் புரிந்தது. தமிழ்க் குரல் தெருப் பெயரைச் சரியாகச் சொல்லும், ஆங்கில எழுத்தில் இருக்கும் கடைப் பெயரில் தடுமாறும். எந்தத் தடுமாற்றம் உங்களுக்குப் பழகுமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

காதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஆட்டோ எந்தப் பக்கம் வருகிறது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. காதுக்கு முன்னால் எலும்பின் மேல் உட்கார்ந்து ஒலியைக் கடத்தும் ஹெட்போன்கள் இருக்கின்றன. அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

புறப்படும்போது "வடக்கு நோக்கிச் செல்லவும்" என்று ஆரம்பிக்கும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நின்ற இடத்தில் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியாது. போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டியைத்தான் நம்புகிறது. காந்த மூடி போட்ட உறை, இரும்புக் கம்பித் தடுப்பு, நிற்கும் பஸ் எல்லாம் அதைக் குழப்பும். பத்தடி நடந்துவிட்டுப் பிறகு கேளுங்கள். நடக்க ஆரம்பித்ததும் நகர்வை வைத்தே திசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கடைசி முப்பதடி போனுடையது அல்ல. அங்கே கோல் உண்டு, காது உண்டு, பேக்கரியின் வாசனை உண்டு. வீடியோ அழைப்பில் பார்வை உள்ள தன்னார்வலரிடம் கேட்க பி மை ஐஸ் செயலி உண்டு. பக்கத்தில் நிற்கும் மனிதரும் உண்டு. அவரிடம் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "வாசல் எங்கே?" என்று கேட்டால் "அதோ அங்கே" என்று கையை நீட்டுவார், அந்தக் கையை நாம் என்ன செய்வது? "என் வலது கைப்பக்கமா, இடது கைப்பக்கமா?" என்று கேளுங்கள்.

(ஒலி: பஸ் பிரேக். நடத்துனரின் விசில்.)

போனின் குரல்: "வந்து சேர்ந்துவிட்டீர்கள்."

தியாகராய நகர் பஸ் நிலையம். என் கணக்குப்படி இன்னும் பதினைந்தடி இருக்கிறது. அண்ணே, சைதாப்பேட்டை பஸ் என் வலது கைப்பக்கம் நிற்கிறதா, இடது கைப்பக்கமா?