பச்சை ஏறும் மலை

வணக்கம் நேயர்களே.

கீரை வாங்கும்போது தண்டை ஒடித்துப் பார்ப்போம். பட்டென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்தால் கட்டைத் திரும்ப வைத்துவிடுவோம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து மான்கள் இந்த இளசுக்காகவே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடக்கின்றன.

மியூல் மான் என்று பெயர். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காது. ரெட் டெசர்ட் என்ற வறண்ட தாழ்வெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும். வெயில் திரும்பியதும் அடிவாரத்தில்தான் பனி முதலில் உருகும், புல் துளிர்க்கும். பிறகு சற்று மேலே, அதற்கும் மேலே. பச்சை படிப்படியாக மலையேறும். மான்கள் அதன் கூடவே ஏறி, கோடையில் ஹோபேக் என்ற மலைப்பகுதியை எட்டும். ஒரே மூச்சில் அல்ல. இடையிடையே நாள்கணக்கில் நின்று மேயும். இளம்புல்லில் புரதம் அதிகம், சீக்கிரம் செரிக்கும். முற்றிய புல்லோ இரைப்பையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அடுத்த வாய்க்கு இடமிருக்காது.

வழி எப்படித் தெரியும்? பிறவி அறிவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று காட்டியது இன்னொரு விலங்கு. பெருங்கொம்பு ஆடுகள் என்ற அமெரிக்கக் காட்டு ஆடுகளைப் புதிய மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலானவை இடம்பெயரவே இல்லை. மந்தைக்கு வழி பிடிபடப் பல பத்தாண்டுகள் ஆயின என்று 2018-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தாயைப் பார்த்துக் குட்டி கற்பதுதான்.

என்னை மிகவும் வியக்கவைத்தது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பைசன். நீலகிரியில் நாம் பைசன் என்று சொல்லும் காட்டுமாடு அல்ல இது. பிடரியில் சடைமயிர் தொங்கும் வேறு விலங்கு. வசந்தத் தொடக்கத்தில் இதுவும் பச்சையோடுதான் நடக்கிறது. பாதி வழியில் நின்றுவிடுகிறது. தளிர் மேலே போய்விட, இது கீழேயே மேய்கிறது. அப்படியானால் நார்ப்புல்தானே மிஞ்ச வேண்டும்? 2019-ல் வெளியான ஆய்வில் விடை இருந்தது. கூட்டமாக நின்று திரும்பத் திரும்பக் கடிப்பதால் புல் முற்றவே நேரமில்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. சாணமும் மூத்திரமும் அங்கேயே உரமாகின்றன. கூட்டம் பெரிதாக மேய்ந்த இடங்களில் பச்சை சீக்கிரம் வந்து, அதிக நாள் தங்கியது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது.

மான் வசந்தத்தின் பின்னால் போகிறது. பைசன் மந்தையோ அதைக் கொஞ்ச நாள் பிடித்து நிறுத்திவைக்கிறது.

நன்றி, வணக்கம்.