அந்தச் சனி ஞாயிறுகளைச் சபை எண்ணிச் சொல்லட்டும்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவில் நேஷனல் கார்டு, ரிசர்வ் என்று பகுதிநேரப் படைகள் இருக்கின்றன. அதில் பணியாற்றிக்கொண்டே மக்கள் பிரதிநிதியாகவும் இருக்கிற ஒருவர் படையிலிருந்து ஓய்வு பெறும்போது, அவருடைய சபை தீர்மானம் போட்டுப் பாராட்ட வேண்டுமா, வேண்டாமா? இதுதான் தலைப்பு. வேண்டும் என்ற அணிக்காகப் பேசுகிறேன்.

எதிரணியினர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். மாதம் ஒரு சனி ஞாயிறு போய் வந்ததற்குப் பாராட்டா என்றார்கள். சக உறுப்பினர்கள் தங்களுக்குள் மாலை மாற்றிக்கொள்கிறார்கள் என்றார்கள். சட்டம் இயற்றுகிறவர் சீருடை போடுவதே அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றார்கள். மூன்றுமே கனமான கேள்விகள்தான்.

முதலில் அந்தச் சனி ஞாயிறு. படை அதை இரண்டு நாள் என்று எண்ணுவதில்லை, நான்கு பயிற்சி வேளை என்று எண்ணுகிறது. ஒரு வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், வேளைக்கு ஒரு புள்ளி. மாதத்துக்கு 4 என்றால் ஆண்டுக்கு 48. இரண்டு வார வருடாந்தரப் பயிற்சிக்கு நாளுக்கு ஒன்றாக 14. படையில் பெயர் இருப்பதற்கு 15. கூட்டினால் 77. ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற, 50 புள்ளிக்குக் குறையாத ஆண்டுகள் இருபது வேண்டும்.

77 கிடைக்கிற இடத்தில் 50 எடுப்பது பெரிய காரியமா என்று தோன்றும். இதன்மேல் சபை வேலையை ஏற்றிப் பாருங்கள். தொகுதிக் கூட்டம், தேர்தல் பிரச்சாரம் எல்லாமே சனி ஞாயிறைத்தான் கேட்கும். ஒருவர் ஐந்து மாதம் மட்டுமே பயிற்சிக்குப் போக முடிந்தது என்று வையுங்கள். அதற்கு 20. வருடாந்தரப் பயிற்சியை முழுசாக முடித்தார், 14. பெயருக்கு 15. மொத்தம் 49. ஒரே ஒரு புள்ளி குறைவு! அந்தப் புள்ளிகள் தொகையில் நிற்கும், ஆனால் அந்த ஆண்டு இருபதில் ஒன்றாகச் சேராது. போன ஆண்டு மிஞ்சிய 27 புள்ளியைக் கொண்டுவந்து இங்கே நிரப்பவும் முடியாது. கணக்கு ஆண்டு எல்லோருக்கும் ஜனவரியில் தொடங்குவதும் இல்லை, அவரவர் சேர்ந்த தேதியை ஒட்டித் தொடங்கும். அனுமதி வாங்கி விட்டுப்போன பயிற்சியை வேறு நாளில் ஈடுசெய்யலாம். அந்த வேறு நாளும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் கைக்கு வருவது என்ன? தவறாமல் ஆண்டுக்கு 77 வீதம் இருபது ஆண்டில் 1,540 புள்ளி. முழுநேரப் பணி ஓர் ஆண்டுக்கு 360 புள்ளி என்று வைத்து வகுத்தால் சுமார் 4.28 ஆண்டு. பழைய முறையில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று பெருக்கினால், அடிப்படைச் சம்பளத்தில் 10.7 சதவீதம். முழுநேரமாக இருபது ஆண்டு இருந்தவருக்கு அதே முறையில் 50 சதவீதம், அதுவும் ஓய்வு பெற்ற கையோடு. ரிசர்வ்காரருக்குப் பொதுவாக 60 வயதில்தான் தொடங்கும். 45 வயதில் ஓய்வு பெற்றால் பதினைந்து ஆண்டு வெறுங்கையோடு காத்திருக்க வேண்டும். ஓய்வுப் பட்டியலில் இருக்கும்போதும், தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் உரிமை அரசிடம் இருக்கிறது. பணத்துக்காக யாரும் இதைச் செய்வதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும், ஐயா.

பகுதிநேரம் என்பதால் ஆபத்தும் பகுதியாக வருவதில்லை. டேமி டக்வொர்த் இல்லினாய் நேஷனல் கார்டின் ஹெலிகாப்டர் விமானி. 2004 நவம்பர் 12 அன்று ஈராக்கில் அவர் ஓட்டிய பிளாக் ஹாக் மீது ராக்கெட் குண்டு பாய்ந்தது. இரண்டு கால்களையும் இழந்தார். அதன்பிறகும் மருத்துவ விலக்கு பெற்றுப் படையிலேயே தொடர்ந்தார். 2013இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோதும் அவர் கார்டில்தான் இருந்தார். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றது 2014 அக்டோபரில். ஜோனி எர்ன்ஸ்ட், ஈராக் போரில் சரக்கு வண்டிகளை நடத்திய அயோவா நேஷனல் கார்டு போக்குவரத்துக் கம்பெனி ஒன்றின் தளபதி. 2015இல் செனட்டரானார், அதே ஆண்டில் 23 ஆண்டுச் சேவையை முடித்தார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. இதில் எதிரணி பாதி சரி என்று மனதார ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கத்தின் கீழ் வேறு பதவி வகிப்பவர் காங்கிரஸ் எனப்படும் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. 1803இல் நியூயார்க் உறுப்பினர் ஜான் வான் நெஸ், தலைநகரின் உள்ளூர்ப் படையில் மேஜர் பதவியை ஏற்றார் என்பதற்காகவே அவருடைய இடம் காலி என்று சபை அறிவித்தது. 1942இல் படைக்குப் போயிருந்த உறுப்பினர்களைச் சபைக்குத் திரும்பச் சொன்னார் அதிபர் ரூஸ்வெல்ட். கடற்படை ரிசர்வில் இருந்த லிண்டன் ஜான்சன் அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். ஹென்றி கேபட் லாட்ஜ் 1944இல் செனட் பதவியையே விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போனார். உறுப்பினர்கள் ரிசர்வில் இருக்கலாமா என்று 1974இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. போட்டவர்களுக்கு வழக்குப் போடும் உரிமை இல்லை என்று தள்ளிவிட்டார்களே தவிர, மூலக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. 2006இல் செனட்டர் லிண்ட்சே கிரகாம் விமானப்படை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தது செல்லாது என்று ராணுவ உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ரிசர்வில் தொடர்ந்து, 2015இல் கர்னலாக ஓய்வு பெற்றார்.

ஆக, இரண்டு பொறுப்பும் ஒரே தோளில் இருக்கும் வரை உரசல் இருக்கும். படைக்குப் பணம் ஒதுக்க வாக்களிப்பவரும் அவரே, படையின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவரும் அவரே. ஓய்வு நாளில்தான் அந்த உரசல் தீர்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பணியில் இருக்கும்போது பாராட்டினால் எதிரணியின் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஓய்வு பெறும்போது பாராட்டுவதில் சபைக்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

மாலை மாற்றிக்கொள்கிறார்கள் என்ற குறை, தீர்மானத்தை எழுதுகிற கையில் இருக்கிறது. அடைமொழிகளை அடுக்கினால் அது மாலைதான். நம் நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யார், எந்த ஆநிரையை மீட்டுப் பட்டான், அவ்வளவுதான் இருக்கும். தீர்மானமும் அப்படி இருக்கட்டும். சேர்ந்த தேதி, பிரிவு, பதவி உயர்வு, அழைக்கப்பட்ட காலம், தகுதி ஆண்டுகள். இதிலும் ஒரு தவறு நடக்கும். முழுநேரப் பணிக்காலத்துக்குத் தருகிற டிடி 214 படிவத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுவார்கள். இருபது ஆண்டுச் சனி ஞாயிறு அதில் இருக்காது. கார்டு வீரரின் பணிக்காலத்துக்கு என்ஜிபி 22 படிவத்தையும், புள்ளிகளுக்கு என்ஜிபி 23 படிவத்தையும் கேட்டு வாங்க வேண்டும். சீருடைப் படத்தைப் பிறகு தேர்தல் துண்டறிக்கையில் போட்டால், பாதுகாப்புத் துறையின் ஆதரவு என்று பொருளல்ல என்ற வரி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது விதி. அந்த விதியை விழா நாளன்றே நினைவூட்டிவிடுவது நல்லது.

ஓய்வு விழாவில் ஒரு கொடி கொடுப்பார்கள். நீளவாக்கில் இரண்டு மடிப்பு, பிறகு பட்டைகள் உள்ள முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடிப்பு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து மடிப்பார்கள். முடிவில் நீலமும் நட்சத்திரங்களும் மட்டுமே வெளியே தெரிய வேண்டும். ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். அதைக் கையில் வாங்குகிறவருக்குப் பக்கத்தில், அத்தனை சனி ஞாயிறும் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவரும் நிற்பார். அவருக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பது படையின் வழக்கம்.

தீர்மானத்தின் கடைசி வரியில், இதன் பிரதி ஒன்றை உறுப்பினரிடம் வழங்கவும் என்று எழுதுவார்கள். இன்னொரு பிரதியை அவர் பணியாற்றிய பிரிவுக்கும் அனுப்பச் சொல்லி எங்கள் அணி கேட்கிறது. சபையில் வாக்கெடுப்பு என்று அவர் வர முடியாத நாள்களில் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வாய்ப்புக்கு நன்றி, ஐயா. வணக்கம்.