லிங்க் போட்டவர்தான் கைக்கு எட்டுவார்: சூதாட்ட விளம்பரமும் இணையதள உரிமையாளர்களும்

[திரையில்: ஒரு மின்னஞ்சல். அனுப்பியவரின் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டுள்ளன.]

வணக்கம். சமையல் குறிப்பு, கிரிக்கெட் செய்தி, வேலைவாய்ப்புத் தகவல் என்று தமிழில் ஏதோ ஒரு இணையதளம் நடத்துகிறீர்கள் என்றால், இந்த மாதிரி மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். முதல் வரி பாராட்டு. அடுத்த வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு கட்டுரை அனுப்புகிறோம், ஓர் எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். நடுவில் ஒரே ஒரு லிங்க். அதைப் பிறகு எடுக்கக் கூடாது. ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது. பணம் யுஎஸ்டிடியில், அதாவது கிரிப்டோவில்.

[திரையில்: கடைசி இரண்டு நிபந்தனைகளும் மஞ்சள் கோட்டில்.]

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விளம்பரம் என்று வாசகருக்குத் தெரியக் கூடாது, பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கிக்குத் தெரியக் கூடாது. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் இப்படிக் கேட்பாரா? அந்த லிங்க் போய் நிற்கும் இடம் அநேகமாக ஒரு பந்தயத் தளம், இல்லையென்றால் ஆன்லைன் கேசினோ.

ஒரு லிங்க்தானே என்று தோன்றும். சூதாட்டம் நடத்துவது அவன், விளையாடுவது யாரோ, நடுவில் எனக்கு என்ன வந்தது? இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதுதான் இந்த வீடியோ.

அந்த நிறுவனம் கரீபியன் தீவான குராசாவிலோ, சைப்ரஸிலோ பதிவாகியிருக்கும். சர்வர் வேறொரு நாட்டில். மெயில் அனுப்பியவரின் பெயர் நிஜப் பெயர்தானா என்பதே சந்தேகம். ஆனால் உங்கள் டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறது. ஹோஸ்டிங் கட்டணம் உங்கள் கார்டிலிருந்து போகிறது. கூகுள் விளம்பரத்துக்கான ஆட்சென்ஸ் பணம் உங்கள் பான் எண்ணோடு சேர்ந்த கணக்குக்கு வருகிறது. விசாரிக்க வரும் அதிகாரிக்கு இந்தச் சங்கிலியில் கைக்கு எட்டும் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

[திரையில்: ‘தமிழ்நாடு சட்டம்’]

முதலில் நம் மாநிலச் சட்டம். ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, அதன் பேரில் 2022இல் புதிய மசோதா. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டப்பேரவை மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்த இழுபறியெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரம்மி தடையா, ரம்மிக்கு அனுமதியா என்ற சண்டையில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படவே இல்லை: விளம்பரத்துக்கு இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவும் தனித் தண்டனையும் உண்டு.

ஆன்லைன் சூதாட்டத்தில் விளையாடுகிறவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்கிறவருக்கு ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விளையாடியவரைவிட அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்குத்தான் தண்டனை அதிகம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவை இரண்டையும் தடையிலிருந்து விடுவித்தது. சட்டத்தின் மற்ற பகுதி நின்றது. ‘இது சூதாட்டம் இல்லை சார், திறமை விளையாட்டு’ என்று ரம்மி பேனர் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்த காலம் அது. அந்த நிம்மதி இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை.

[திரையில்: ‘2025, மத்தியச் சட்டம்’]

2025 ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாளில் ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே இதில் இடமில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடினால் அது ‘ஆன்லைன் பண விளையாட்டு’. ரம்மி, போக்கர், ஃபேன்டஸி கிரிக்கெட் எல்லாம் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. பெரிய நிறுவனங்களே அந்த வாரத்தில் பண ஆட்டங்களை நிறுத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 என்ற ஃபேன்டஸி கிரிக்கெட் நிறுவனத்தின் பெயர் போனது, செப்டம்பர் ஆசியக் கோப்பையை அணி முதன்மை ஸ்பான்சர் இல்லாமலே ஆடியது. சட்டையிலிருந்து எடுத்தாயிற்று, சரி. ‘இந்த ரெஃபரல் கோடு போட்டால் 100 ரூபாய் போனஸ்’ என்று 2021இல் எழுதிய பதிவு உங்கள் தளத்திலிருந்து போய்விட்டதா?

இந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விளம்பரம் செய்யக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. செய்யவைப்பது, உதவுவது, உடந்தையாக இருப்பது, தூண்டுவது, வேறு எந்த வகையிலாவது அதில் சம்பந்தப்படுவது எல்லாம் சேர்த்தி. எந்த ஊடகமாக இருந்தாலும் பொருந்தும். நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை ஆடத் தூண்டினாலே போதும். தள உரிமையாளரை விடுங்கள், காசு வாங்கிக்கொண்டு அந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்தவரையும் இந்த வாசகத்துக்குள் கொண்டுவர முடியும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பவும் மாட்டினால் குறைந்தபட்சமே 2 ஆண்டு, 50 லட்சம்.

ஆடுகிறவருக்கு இந்த மத்தியச் சட்டத்தில் தண்டனை கிடையாது. அவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் அது பார்க்கிறது.

[திரையில்: இரண்டு படங்கள். ஒன்று பேனர். இன்னொன்று அஃபிலியேட் லிங்க், அதன் கடைசியில் ஓர் எண்.]

இப்போது இந்த இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம். இடது பக்கம் சாதாரண பேனர். மாதம் இவ்வளவு என்று வாடகை பேசி இடம் கொடுத்திருக்கிறீர்கள். கடைத்தெருவில் சுவரை வாடகைக்கு விடுவது மாதிரி. அந்த இடத்தில் வரும் விளம்பரத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வலது பக்கம் அப்படி இல்லை. அது அஃபிலியேட் லிங்க், அதாவது ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் லிங்க். லிங்கின் வாலில் இருக்கும் அந்த எண் உங்களுக்கென்று கொடுத்தது. அதை அமுக்கி உள்ளே போனவர் யார், எவ்வளவு கட்டினார், எவ்வளவு தோற்றார் என்று எல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகும். பல ஒப்பந்தங்களில் உங்கள் கமிஷன், அவர் தோற்ற தொகையில் ஒரு சதவீதம். நம் வாசகர் தோற்கத் தோற்க நமக்கு வரவு. இதை யாராவது விளம்பரம் என்று சொல்வார்களா, பங்கு என்று சொல்வார்களா?

பயம் எங்கே என்றால், விளையாட்டை வழங்குவதைத் தடுக்கும் 5ஆம் பிரிவும் ‘உதவுவது, உடந்தை’ என்ற சொற்களோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அதோடு 5ஆம் பிரிவும், பணப் பரிமாற்றத்தைப் பற்றிய 7ஆம் பிரிவும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றங்கள். விளம்பரத்துக்கான 6ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, உங்கள் மேல் எந்தப் பிரிவு பாயும் என்பதை அந்த வாலில் இருக்கும் எண் தீர்மானித்துவிடலாம். வாட்ஸ்அப் பட்டன் வைத்து ‘கிரிக்கெட் ஐடி’, அதாவது பந்தயத் தளத்தில் ஆடுவதற்கான கணக்கு, விற்கும் தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐடி கொடுத்து, யுபிஐயில் பணமும் வாங்கினால் அது விளம்பரமே இல்லை, தொழில்.

[திரையில்: ஒரு ‘விளையாட்டுச் செய்தி’ தளத்தின் முகப்பு, லோகோ மங்கலாக.]

இன்னொரு தந்திரம் மறைமுக விளம்பரம். பந்தயத் தளத்தின் பெயரிலேயே ஒரு செய்தித் தளம். லோகோ அதே, நிறம் அதே. ‘நாங்கள் செய்தித் தளத்துக்குத்தானே லிங்க் கொடுத்தோம்’ என்று சொல்லிக்கொள்ள வசதி. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதை 2022 அக்டோபரிலேயே கண்டுகொண்டு, டிஜிட்டல் செய்தி நிறுவனங்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் இந்த விளம்பரங்களைப் போட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2024 மார்ச்சில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கும் அதே எச்சரிக்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 வழிகாட்டு நெறிகளும் மறைமுக விளம்பரத்தைத் தடை செய்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம்.

பிரபலங்களே தப்பவில்லை. ஒன்எக்ஸ்பெட் என்ற பந்தயத் தளத்தின் விவகாரத்தில் 2025 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவன் இருவரின் 11.14 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. அந்த நிறுவனத்தின் துணைப் பெயர்களுக்கு விளம்பரம் செய்து வாங்கிய பணம் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. ஆனால் சொத்தை முடக்க தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களால் பெரிய வக்கீல் வைக்க முடியும். மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கிற தளக்காரரின் ஒரே சேமிப்புக் கணக்கு முடங்கினால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்.

வந்த பணத்தை வைத்தும் ஒரு சிக்கல். வருமான வரிக் கணக்கில் காட்டினால், எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. காட்டாவிட்டால் அது தனி வழக்கு. உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகும் போக்கே பதில்.

[திரையில்: கேள்விகள் ஒவ்வொன்றாக.]

வழக்கமாக வரும் கேள்விகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

‘18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்’ என்று போட்டால்? உதவாது. ‘சொந்தப் பொறுப்பில் ஆடவும்’? அதுவும் உதவாது. சூதாட்டத்தால் குடும்பம் அழிந்த செய்தியைப் போடலாமா? தாராளமாகப் போடலாம், அது ஆடத் தூண்டுவது ஆகாது. செய்திக்குக் கீழே தானாக ஒரு பந்தய பேனர் வந்து உட்காராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பர நெட்வொர்க்கின் அமைப்புகளில் சூதாட்ட வகையை முடக்கும் வசதி இருக்கும். அந்த வசதியே இல்லாத, பாப்-அப் தள்ளுகிற நெட்வொர்க் என்றால் அதன் நிரலையே தளத்திலிருந்து தூக்கிவிடுங்கள்.

சட்டத்தை எதிர்த்து வழக்கு இருக்கிறதே? இருக்கிறது. பல உயர் நீதிமன்றங்களில் போட்ட மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. ஆனால் மனு போட்டதால் மட்டும் ஒரு சட்டம் நின்றுவிடாது, தடை உத்தரவு வேண்டும்.

பழைய பதிவுதானே, சட்டம் வருவதற்கு முன்னால் எழுதியது? வக்கீல் வைத்து வாதாட நல்ல வாதம். ஆனால் அந்தப் பக்கம் இன்றைக்கும் திறக்கிறது, லிங்க் இன்றைக்கும் ஆளை அனுப்புகிறது. எடுத்துவிடுவது வக்கீல் ஃபீஸைவிட மலிவு.

[திரையில்: கூகுள் தேடல். தளத்தின் பெயர், பக்கத்தில் ‘கேசினோ’.]

நீங்கள் எதுவுமே போடாமலும் மாட்டலாம். தளத்தில் சேர்த்த பழைய பிளகின் (துணை மென்பொருள்) வழியாக உள்ளே நுழைந்து, நூற்றுக்கணக்கில் கேசினோ பக்கங்களை நட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் தளத்தைத் திறந்தால் எப்போதும் போலத்தான் இருக்கும். கூகுளுக்கு மட்டும் அந்தப் பக்கங்கள் தெரியும். அரசுத் தளங்களே இப்படிப் பந்தயத் தளங்களுக்கு ஆள் அனுப்பிய செய்திகள் வந்திருக்கின்றன. அதனால் மாதம் ஒருமுறையாவது இந்தத் தேடலைச் செய்யுங்கள். ஏதாவது சிக்கினால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், சர்வர் லாக், பேக்கப். நிறுவனமாக நடத்துகிறீர்கள் என்றால், இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு அந்தப் புகாரே சாட்சி.

[திரையில்: ஒரு நோட்டீஸின் மாதிரி.]

கடைசியாக, நோட்டீஸ் வந்துவிட்டால். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது), பிரிவு 94 என்று இருந்தால் ஆவணம் கேட்கிறார்கள். பிரிவு 35(3) என்று இருந்தால் உங்களையே நேரில் வரச் சொல்கிறார்கள். இரண்டாவது வந்தவுடன் ஊரைவிட்டுப் போவதும், போனை அணைத்து வைப்பதும்தான் பலர் செய்வது. சட்டம் சொல்வது வேறு. 35(3) நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரை, கைது அவசியம் என்று காரணம் எழுதிவைக்காமல் போலீஸ் கைது செய்ய முடியாது. போகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனவே பதிவுகளை அழிக்காமல், மெயில்களையும் பண வரவையும் வரிசையாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு, குறித்த தேதியில் போங்கள். இந்த வீடியோ பொதுத் தகவல், உங்கள் வழக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அந்த வக்கீல்தான்.