முப்பது நாடுகளும் கூந்தன்குளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலைத்த வளர்ச்சிக்கான பிராந்திய ஒத்துழைப்பில் மக்கள் அமைப்புகளின் பங்கு. நிலையத்தார் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இது. கேட்டதுமே சிலர் ரேடியோவை அணைக்கக் கை நீட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நம் திருநெல்வேலி மாவட்டத்து மூலைக்கரைப்பட்டிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

கூந்தன்குளம் உங்களில் பலருக்குப் பழக்கமான ஊர். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-ல் வந்தது. கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்து 129 ஹெக்டேர் சொச்சம். மார்கழி, தை மாதங்களில் இங்கே வந்து இறங்குகிறவற்றில் வரித்தலை வாத்தும் ஒன்று. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலே இது பறப்பதைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள்.

வருகிற வழியில் ஒரு நாட்டில் ஏரி வற்றினாலும், இன்னொரு நாட்டில் வலை விரித்தாலும், நம் குளத்தில் தலை குறையும். 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்தன. அதில் பெரிய அடி வாங்கியது இந்த வாத்துதான்.

ஆகவே நாடுகள் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும். ஆர்க்டிக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் இந்தப் பாதைக்கு மத்திய ஆசியப் பறவைத் தடம் என்று பெயர். வலசை போகும் உயிரினங்களுக்கான உடன்படிக்கை 1979-ல் ஜெர்மனியின் பான் நகரில் உருவானது. இந்தியா 1983-ல் அதில் சேர்ந்தது. 2020-ல் அதன் மாநாடு குஜராத்தின் காந்திநகரில் நடந்தது. 2024 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் கூடியபோது, இந்தத் தடத்துக்கான ஒருங்கிணைப்பு அலகை இந்தியாவில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நல்ல விஷயம்.

சரி, சமர்கண்டில் முடிவானதைக் கூந்தன்குளத்தில் யார் நடத்திக் காட்டுவது?

வனத்துறை இருக்கிறது. ஆனால் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லையே. மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள் வந்து, தெருவோரத்து மரங்களில் கூடு கட்டுகிறது. கூட்டுக்குக் கீழே குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மீன் கவிச்சி, எச்சம் வழிந்து வெளுத்த ஓடு, காயப்போட்ட துணியை மறுபடியும் துவைக்கிற பாடு. இத்தனையையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள் ஊர்க்காரர்கள். காற்றில் விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்க விட்டவர்கள் அந்த ஊரில் உண்டு. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாசத்தோடு கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. இருப்பதால்தான் தலைமுறை தாண்டியும் நிலைக்கிறது என்பது என் அபிப்பிராயம். பாசத்தை மட்டும் நம்பிப் போட்ட திட்டம் இரண்டு வருஷம் ஓடினால் பெரிது.

திருப்புடைமருதூரிலும் இப்படித்தான். தாமிரபரணிக் கரையில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் பறவைகள் அடையும். 2005-ல் அந்த இடம் இந்தியாவின் முதல் ‘பாதுகாப்பு ஒதுக்ககம்’ என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. 2002-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இந்த வகையே பிறந்தது. அறிவிக்கும் முன் அந்தப் பகுதி மக்களைக் கலந்து பேச வேண்டும். நிர்வாகக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதியும் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் மூவரும் இருக்க வேண்டும். இதைச் சட்டமே சொல்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இந்த ‘முன்’ பற்றித்தான்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்களால் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நம் பக்கத்து ஆட்களும் மாணவர்களும் எண்ணி வருகிறார்கள். எண்ணுவதில் ஒரு பக்குவம் உண்டு. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை நகர்த்தி நகர்த்திப் பத்து, இருபது, முப்பது என்று போக வேண்டும். நாமக்கோழி ஒத்துழைக்கும். முக்குளிப்பான்தான் ஏய்க்கும். எண்ணிக்கொண்டு இருக்கும்போதே முங்கி, வேறெங்கோ எழும்பும்.

இப்படி எழுதின தாள்கள் எங்கே போகின்றன? ஒரு பறவையினத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒரு நீர்நிலையில் தவறாமல் கூடினால், அது ராம்சார் பட்டியலுக்குத் தகுதி பெறும் வழிகளில் ஒன்று. அந்த நூற்றுக்கு ஒரு பங்கைச் சொல்ல யாராவது கரையில் நின்று எண்ணியிருக்க வேண்டும். அரசாங்கங்கள் மாநாட்டில் மேசைமேல் வைக்கிற எண்களில் சில, ரப்பர் செருப்புப் போட்ட பையன்கள் கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

எண்ணிக்கை மேலே போகிறது. முடிவு எடுக்கும் நேரத்தில், எண்ணினவரைக் கூப்பிடுவாரில்லை. மணிமுத்தாற்றுக் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வரும்? மீன்பாசி ஏலம், அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை, எடுத்தவர் குளத்தை எந்த மாதம் வடிக்கலாம்? கரையைப் பலப்படுத்தும் வேலையில், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டலாமா? 30 நாட்டு ஒப்பந்தம் நம் குளத்தில் நிற்பதும் விழுவதும் இந்த மூன்று கேள்வியில்தான் இருக்கிறது. மூன்றுக்கும் பதில், ஊராரைக் கேட்காமலே கோப்பில் எழுதப்பட்டுவிடலாம்.

பாதிக்கப்படுகிறவர்கள் தகவல் பெறவும், முடிவில் பங்கேற்கவும், நீதி கேட்கவும் வழி வேண்டும் என்று 1992-ல் ஐ.நா.வின் ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனத்தின் பத்தாவது கோட்பாடு சொன்னது. ஐரோப்பிய நாடுகள் 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அதை உடன்படிக்கையாக்கிக்கொண்டன. லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 2018-ல் எஸ்காஸு உடன்படிக்கை வந்தது. தெற்காசியாவுக்கு அப்படி ஒன்று இல்லை. தெற்காசிய நாடுகள் கூடும் சார்க் அமைப்பு 1985-ல் தொடங்கியது. அதன் உச்சி மாநாடு கடைசியாக 2014-ல் காத்மாண்டுவில் கூடியது, அதற்குப் பிறகு கூடவே இல்லை.

அரசுகள் பேசாவிட்டால் மக்கள் அமைப்புகளும் சும்மா இருக்க வேண்டுமா? பிணந்தின்னிக் கழுகுகளின் கதையைப் பாருங்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் அவற்றைக் கொல்கிறது என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் காட்டியது. 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடுத்தன. 2010-ல் வங்கதேசமும் தடுத்தது. எல்லையில் உறவு எப்படியிருந்தாலும், பறவை அமைப்புகள் தரவைப் பகிர்ந்துகொண்டன. நேபாளத்தின் நவல்பராசியில் ஊர்மக்களே வயதான மாடுகளை வாங்கிப் பராமரித்து, அவை தானாகச் செத்த பிறகு கழுகுகளுக்குப் போடுகிறார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் ஜடாயு உணவகம்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குக் குளத்துத் தண்ணீர், மீன்பாசி ஏலம், மரம் வெட்டு மூன்றையும் பேசித் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றலாம். ஜனவரியில் எண்ணின கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். எண்ணைக் காட்டிப் பேசுகிறவரை யாரும் எளிதில் உட்காரச் சொல்ல முடியாது. 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது கூடுகிறதா, பலகையோடு நிற்கிறதா என்று கேளுங்கள். ஒருங்கிணைப்பு அலகுக்கு என் வேண்டுகோள் சின்னது: நம் குளங்களைப் பற்றிய திட்ட வரைவைத் தமிழில், முடிவாகும் முன்னால், அந்தந்த ஊராட்சிக்கு அனுப்புங்கள்.

கணக்கெடுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் குற்றமில்லை, கரையில் ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பளிச்சென்ற சட்டை மட்டும் வேண்டாம், பறவை எழும்பிவிடும். குடிக்கத் தண்ணீரும், எழுத ஒரு பென்சிலும் கொண்டுவாருங்கள். பனியில் பேனா எழுதாது.

வணக்கம்.