பெட்டியை இறக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருகிறவர்கள், ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைப் பக்கத்துத் தெருக்களில் லாட்ஜுக்குப் பதிலாகச் சமையலறையோடு ஒரு ஃபிளாட் எடுத்துத் தங்குவது இப்போது சகஜம். பத்தியக் கஞ்சி வைக்கலாம், துணி துவைத்துக் காயப்போடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாட்ஜில் நிர்வாகம் பார்த்துக்கொள்கிற பல காரியங்கள் இங்கே தங்குகிறவர் தலையில் விழும். அதில் முதல் காரியம் தண்ணீர்.

வாடகை பேசப் போனால் ஏசியைப் போட்டுப் பார்க்கிறோம், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறோம். குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. சென்னையில் பல அடுக்குமாடிகளில் இரண்டு வகைத் தண்ணீர் வரும். சமையலறையில் ஒரு குழாயில் மட்டும் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர்; மற்றதிலெல்லாம் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சில இடங்களில் எல்லாமே போர்தான். எப்படித் தெரிந்துகொள்வது? குழாயின் வாயைப் பாருங்கள். போர் தண்ணீரென்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். கையில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை கட்டாமல் திரிதிரியாகப் போனால் கடினத் தண்ணீர், சந்தேகமே வேண்டாம்.

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. துவரம்பருப்பைக் குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டாலும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், அடியில் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடுவதுதான் காரணம். குக்கர் மேல் பழி போடாதீர்கள். வேகவைக்கவும் கேன் தண்ணீரையே ஊற்றுங்கள். குடிக்க, சமைக்க என்று மூன்று பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன் ஏறக்குறைய ஒன்றரை நாள் வரும். கேனை வாங்கும்போது மூடியின் சீல், அடைத்த தேதி, ஐஎஸ் 14543 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை, இந்த மூன்றையும் பார்த்தே வாங்குங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. மேல் மாடி வீட்டில் ஷவர் நூல் மாதிரி ஒழுகும். தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் விழ உயரம் போதாது, பிளம்பர் வந்தாலும் பெரிதாக மாறாது. வாளியும் குவளையும்தான் வழி. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் முதல் நாளே கேட்டு, ஒரு டிரம்மை நிரப்பி வைத்துவிடுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியருக்குக் கிட்டே இழுக்கும். அதை 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும். அடாப்டர் வைத்துச் சின்னப் பிளக்கில் செருகினால் முதலில் பிளக் சுடும், பிறகு கருகும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், எதெது ஓடும் என்று கேளுங்கள். பெரும்பாலும் விளக்கும் மின்விசிறியும்தான். மின்சாரத்துக்குத் தனியாகக் காசு என்றால், நுழைகிற அன்றே மீட்டரைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் லிஃப்ட் மட்டும் போதாது, குளியலறை வாசலையும் அளக்க வேண்டும். நாற்காலியின் அகலத்துக்கு ஒரு நூலை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள். கதவைத் திறந்து, நிலைக்கு நிலை நூலைப் பிடித்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் குளியலறை வாசல் இரண்டேகால் அடிதான் இருக்கும். அதிலும் கதவின் கனம் ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் முடிகிறதென்று சைகை வருகிறது. அக்கம்பக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், பாஸ்போர்ட், விசா நகலை வீட்டுக்காரரிடம் உடனே கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுங்கள். ஊசி, சிரிஞ்சு எதையும் அதில் போடாதீர்கள், தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேர்த்து, மருத்துவமனைக்குப் போகும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள். வணக்கம்.